நல்ல நிறுவனமும் நல்ல விலையும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவையொட்டி நடைபெற்ற பொருளாதார விழிப்புணர்வு அமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





பங்குச் சந்தை முதலீட்டைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு நிர்வாகக் குழுவினர் என்னைப் பணித்தனர். வெளிநாட்டில் உழைத்து ஊர் திரும்பியோரும், மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடிப்போரும், கடை வருவாயில் ஒரு பகுதியை ஒதுக்குவோரும் இன்று பங்குகளைப் பற்றிப் பேசுகின்றனர். கைப்பேசியிலேயே கணக்குத் தொடங்கி, சில நிமிடங்களில் பங்கு வாங்கிவிடலாம் என்னும் நிலை வந்துவிட்டது. தொழுகை முடிந்து வெளியே வரும்போதும், நிக்காஹ் விருந்துப் பந்தியில் அமரும்போதும் "எந்தப் பங்கு வாங்கலாம்?" என்ற கேள்வி காதில் விழுகிறது.

அந்தக் கேள்விக்கு நான் இன்று விடை கூறப்போவதில்லை. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் சில உள்ளன. அவற்றை வெறும் விதிகளாக அடுக்கினால் மனத்தில் தங்கா. ஆகவே, உண்மையில் நடந்த ஒரு வரலாற்றைக் கூறி, அதன் வழியே அவற்றை விளக்க விரும்புகிறேன். அது நம் நாட்டு நிறுவனத்தின் வரலாறு அன்று. இலண்டன் சந்தையில் விற்கப்படும் ஒரு குளிர்பான நிறுவனத்தின் வரலாறு. வேண்டுமென்றேதான் தொலைவிலுள்ள நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தேன். அதன் பங்கு இந்த அவையில் எவரிடமும் இருக்க வாய்ப்பில்லை. எனவே விருப்பு வெறுப்பின்றிப் பேசலாம். விருப்பு வெறுப்பின்றிக் கேட்கலாம்.

காய்ச்சல் மரத்தின் கதை

அந்நிறுவனத்தின் பெயர் ஃபீவர் ட்ரீ. 'காய்ச்சல் மரம்' என்பது அதன் பொருள். கொயினா மருந்து எடுக்கப்படும் சின்கோனா மரத்திற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது. மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை விழுங்கிய தலைமுறையினர் இங்கே சிலர் இருப்பீர்கள். அம்மரத்திற்கும் நம் மண்ணுக்கும் தொடர்பு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் ஆங்கில அரசே சின்கோனாத் தோட்டங்களை அமைத்தது. இந்தியாவில் பணிபுரிந்த ஆங்கிலேயர் கொயினாவின் கசப்பைத் தணிக்கச் சர்க்கரையும் சோடாவும் சேர்த்துப் பருகினர். அவ்வழக்கத்திலிருந்து பரவியதே 'இந்தியன் டானிக் வாட்டர்' என்னும் பானம்.

2005ஆம் ஆண்டில் சார்லஸ் ரோல்ஸ், டிம் வாரிலோ என்னும் இருவர் இந்தப் பழைய பானத்தைப் புதிதாகச் செய்து விற்கத் தொடங்கினர். அதுவரை கடைகளில் கிடைத்த டானிக் மலிவான பொருள். அதைப் பற்றி எவரும் பெரிதாகச் சிந்தித்ததில்லை. இவர்கள் காங்கோவின் கிழக்குப் பகுதியிலிருந்து தரமான கொயினாவைத் தருவித்து, செயற்கை இனிப்புச் சேர்க்காமல், சிறு கண்ணாடிப் புட்டிகளில் அடைத்துக் கூடுதல் விலைக்கு விற்றனர். குவளையில் நான்கில் மூன்று பங்கு இருப்பது கலப்புப் பானம்தானே, அதில் ஏன் சிக்கனம் பார்க்க வேண்டும் என்பதே அவர்களது விளம்பர வாதம். அக்குவளையின் மீதி நான்கில் ஒரு பங்கு ஜின் என்னும் மது. அதைப் பற்றிப் பின்னர் கூறுகிறேன்.

அந்நிறுவனத்திற்குச் சொந்தமாகப் பானத் தொழிற்சாலை இல்லை. புட்டியில் அடைக்கும் வேலையைப் பிற ஆலைகளிடம் ஒப்படைத்துவிட்டு, தரத்தையும் பெயரையும் விற்பனையையும் மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டது. இயந்திரங்களில் முதல் முடங்கவில்லை; வந்த இலாபத்தில் பெரும்பகுதி ரொக்கமாகத் தேங்கியது; வட்டிக்கு வாங்கிய கடனும் சுமையாக இல்லை. வணிகம் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் தலையசைப்பார்கள்.

பங்குகள் சந்தைக்கு வந்தன

2014 நவம்பரில் அந்நிறுவனம் இலண்டனின் 'எய்ம்' சந்தையில் பங்குகளை வெளியிட்டது. எய்ம் என்பது வளரும் நிறுவனங்களுக்காக 1995இல் தொடங்கப்பட்ட துணைச் சந்தை. 2013 முதல் அச்சந்தையின் பங்குகளை 'ஐசா' எனப்படும் வரிவிலக்குச் சேமிப்புக் கணக்கில் வைத்துக்கொள்ளப் பிரிட்டன் அரசு அனுமதித்தது. 2014இல் அவற்றை வாங்குவதற்கான முத்திரைத் தீர்வையையும் நீக்கியது. ஆசிரியர், செவிலியர், ஓய்வூதியர், சிறு கடைக்காரர் எனத் தனி மனிதர்கள் பலர் இச்சந்தைக்கு வந்ததற்கு இச்சலுகைகளும் காரணம்.

அவர்களுக்கு ஃபீவர் ட்ரீ பிடித்துப்போனதில் வியப்பில்லை. சுரங்க நிறுவனத்தின் கணக்கோ, மருந்து ஆய்வு நிறுவனத்தின் கணக்கோ சாதாரண மனிதருக்கு எளிதில் விளங்காது. இதுவோ கண்ணுக்குத் தெரியும் பொருள். அங்காடி அடுக்கில் அந்தப் புட்டிகள் பெருகுவதைத் தாமே காணலாம். உணவகத்தில் பக்கத்து மேசையில் அதே புட்டி இருப்பதைக் காணலாம்.

வெளியீட்டு விலை 1 பவுண்டு 34 பென்ஸ். அவ்விலையில் நிறுவனத்தின் மொத்த மதிப்பு 15 கோடி பவுண்டுக்குச் சற்று மேல். 2014இல் அதன் ஆண்டு விற்பனை 3.47 கோடி பவுண்டு. 2016இல் அது 10.22 கோடி; 2017இல் 17.02 கோடி, 2018இல் 23.74 கோடி. எதிர்பார்ப்பை விஞ்சிய விற்பனை என்று நிறுவனமே மீண்டும் மீண்டும் அறிவித்தது. பிரிட்டனில் அந்நாளில் ஜின் மது மோகம் உச்சத்தில் இருந்தது. 2017இல் அந்நாட்டுச் சில்லறைக் கடைகளில் கலப்புப் பானங்களின் விற்பனை மதிப்பில் ஃபீவர் ட்ரீயே முதலிடம் பெற்றது.

2018 செப்டம்பரில் பங்கின் விலை 39 பவுண்டை எட்டியது. நான்கே ஆண்டில் சுமார் 29 மடங்கு. தொடக்கத்தில் 1,000 பவுண்டு இட்டவரின் கையில் 29,000 பவுண்டு. நிறுவனத்தின் சந்தை மதிப்பு 450 கோடி பவுண்டு.

இருதரப்பு வாதங்கள்

அன்பர்களே, அந்த உச்ச நாளில் பங்கு வைத்திருந்தோரும் வாங்க நினைத்தோரும் தமக்குள் என்ன பேசியிருப்பர்? எந்த நாட்டிலும் எந்தப் பங்கைப் பற்றியும் சிறு முதலீட்டாளர்கள் நடத்தும் உரையாடல் ஏறத்தாழ ஒரே அச்சில்தான் இருக்கும்.

ஒரு தரப்பு கூறும்: விற்பனை ஆண்டுதோறும் பெருகுகிறது. நூறு பவுண்டுக்கு விற்றால் சரக்குச் செலவு போகப் பாதிக்கு மேல் கையில் நிற்கிறது. கடன் சுமை இல்லை. பிரிட்டனில் வென்றாயிற்று; இனி அமெரிக்கா என்னும் பெருஞ்சந்தை காத்திருக்கிறது. விலை அதிகம் என்று 5 பவுண்டிலும் சொன்னார்கள், 10 பவுண்டிலும் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்கள் ஏமாந்தார்கள்.

மறு தரப்பு கூறும்: இது நீரும் சர்க்கரையும் கொயினாவும் சேர்ந்த பானம், இதைப் பிறர் செய்ய முடியாதா? ஷ்வெப்ஸ் என்னும் பழம்பெரும் பெயர் 2017இல் பிரிட்டனில் தன் உயர்தர வகையை இறக்கிவிட்டது. அங்காடிகளும் சொந்தப் பெயரில் மலிவான டானிக் விற்கின்றன. ஜின் மோகம் என்றும் நிலைக்குமா? நிறுவனர்களுள் ஒருவரான ரோல்ஸே 2017இல் தம் பங்குகளில் ஒரு பகுதியை விற்றாரே?

இரு தரப்பிலும் உண்மை இருந்தது. இருப்பினும் இத்தகைய உரையாடல்களில் முதல் தரப்பின் குரலே ஓங்கும். காரணம் எளிது. பங்கு வைத்திருப்பவர்களே அதைப் பற்றி மிகுதியாகப் பேசுகின்றனர். விலை ஏறும் காலத்தில் அவர்கள் பேச்சுக்கு விலையே சாட்சி சொல்கிறது. ஐயம் எழுப்புகிறவர் சென்ற ஆண்டும் ஐயம் எழுப்பினார். சென்ற ஆண்டு அவர் சொன்னது நடக்கவில்லை. எனவே இவ்வாண்டும் அவரை எவரும் கேட்பதில்லை. சில மாதங்களில் அவரும் வாய்மூடுகிறார். பிறகு அவையில் ஒரே கருத்து நிலவுகிறது. அதை எல்லோரும் ஆராய்ந்து கண்ட முடிவு என்று புதிதாக வருபவர் எண்ணிக்கொள்கிறார். எதிர்க்குரல் ஓய்ந்ததையே அவர் ஆராய்ச்சியின் முடிவாகக் கொண்டுவிடுகிறார்.

விலை என்ன சொல்கிறது?

இங்கேதான் நான் வலியுறுத்த விரும்பும் செய்தி உள்ளது. இரு தரப்பினரும் நிறுவனம் நல்லதா என்பதைப் பற்றியே வாதிட்டனர். எந்த விலைக்கு நல்லது என்பதோ வேறு கேள்வி.

நம் கடைத்தெருக் கணக்கில் பார்ப்போம். ஒரு கடை செலவெல்லாம் போக ஆண்டுக்கு ஓர் இலட்சம் ரூபாய் இலாபம் தருகிறது. அதை விற்கிறார்கள். பத்து இலட்சம் கேட்டால் யோசிப்பீர்கள். இருபது இலட்சம் கேட்டால், வியாபாரம் பெருகுமா என்று விசாரிப்பீர்கள். எழுபது இலட்சம் கேட்டால்? இலாபம் இதே அளவில் நின்றால் போட்ட முதல் திரும்ப எழுபது ஆண்டாகும். கேட்டவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிடுவீர்கள்.

2018இல் ஃபீவர் ட்ரீ ஈட்டிய வரிக்குப் பிந்தைய இலாபம் சுமார் 6.2 கோடி பவுண்டு. சந்தை மதிப்போ 450 கோடி. அதாவது ஆண்டு இலாபத்தைப் போல் 70 மடங்குக்கும் மேல் விலை. கடையாக இருந்தால் எழுந்து வந்திருக்கும் அதே மனிதர், பங்காக இருக்கும்போது ஏன் அமர்ந்து வாங்குகிறார்? 39 பவுண்டு என்னும் எண் அவருக்குச் சிறியதாகத் தெரிகிறது. நேற்று 38 ஆக இருந்தது என்பது மட்டுமே நினைவில் நிற்கிறது. நிறுவனம் முழுவதையும் என்ன விலைக்குக் கேட்கிறார்கள் என்று அவர் கணக்கிடுவதில்லை.

எழுபது மடங்கு விலை எப்போதும் தவறு என்று நான் கூறவில்லை. இலாபம் பல ஆண்டுகள் இடைவிடாமல் பெருகினால் அவ்விலையும் நியாயமாகலாம். ஆனால் அந்த வளர்ச்சி முழுவதற்கும் இன்றே பணம் கொடுத்தாயிற்று என்பதை உணர வேண்டும். பின்னர் அவ்வளர்ச்சி வந்தால் அது நமக்குப் பரிசன்று. நாம் முன்பணம் கொடுத்து வாங்கிய சரக்கு. வராவிட்டாலோ இழப்பு முழுதும் நம்முடையது.

பின்னர் நடந்தவை

2019இல் பிரிட்டனில் விற்பனை வளரவில்லை, சற்றே குறைந்தது. 2020 ஜனவரியில், கிறிஸ்துமஸ் கால விற்பனை மந்தமாக இருந்ததென நிறுவனம் அறிவித்தபோது ஒரே நாளில் பங்கின் விலை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது. அடுத்துக் கொரோனா வந்தது. உணவகங்களும் மதுக்கூடங்களும் மூடப்பட்டன. ஆனால் மக்கள் வீட்டிலிருந்தே பருகியதால் 2020இன் மொத்த விற்பனை 26.05 கோடியிலிருந்து 25.21 கோடியாக மட்டுமே இறங்கியது. அந்நிறுவனம் அச்சோதனையில் தாக்குப்பிடித்தது என்பதே நியாயமான கூற்று.

அடுத்த அடி செலவின் பக்கத்திலிருந்து விழுந்தது. கண்ணாடிப் புட்டி செய்ய உலைகள் எரிய வேண்டும். 2022இல் உக்ரைன் போருக்குப் பின் ஐரோப்பாவில் எரிவாயு விலை ஏற, புட்டி விலையும் ஏறியது. அட்லாண்டிக் கடலைக் கடந்து அமெரிக்காவிற்குப் பானத்தைக் கொண்டு செல்லும் கப்பல் கூலியும் பெருகியிருந்தது. அமெரிக்காவிலேயே புட்டியில் அடைக்க முயன்றபோது அங்குள்ள ஆலைகளில் ஆள் பற்றாக்குறை. சொந்த ஆலை இல்லாமை என்னும் எந்தப் பண்பு முன்னர் வலிமையாகப் போற்றப்பட்டதோ, அதுவே இப்போது கையைக் கட்டியது. 2022 ஜூலையில் இலாபம் குறையும் என்ற அறிவிப்பு வந்த நாளில் பங்கின் விலை கால் பங்குக்கும் மேல் விழுந்தது.

2018இல் நூறு பவுண்டு விற்பனையில் சரக்குச் செலவு போகப் பாதிக்கு மேல் நின்றது. 2023இல் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே நின்றது. இத்தனைக்கும் விற்பனை பெருகிக்கொண்டுதான் இருந்தது. அமெரிக்காவைப் பற்றிய எதிர்பார்ப்பும் பொய்க்கவில்லை. 2023இல் அமெரிக்க விற்பனை பிரிட்டன் விற்பனையையே முந்திவிட்டது.

இப்போது மூன்று எண்களை உங்கள் முன் வைக்கிறேன். 2018க்கும் 2024க்கும் இடையில் ஆண்டு விற்பனை 23.74 கோடியிலிருந்து 36.85 கோடியாக உயர்ந்தது. அதாவது பாதிக்கும் மேலான வளர்ச்சி. அதே காலத்தில் வரிக்குப் பிந்தைய இலாபம் 6.2 கோடியிலிருந்து சுமார் 2.4 கோடியாகக் குறைந்தது. பங்கின் விலையோ 39 பவுண்டிலிருந்து, 2025 ஜனவரியில் 7 பவுண்டுக்கும் கீழே இறங்கியிருந்தது.

இலாபம் ஐந்தில் இரண்டு பங்காகச் சுருங்கியது. விலை ஏன் அதனினும் கீழே, ஆறில் ஒரு பங்கை ஒட்டி இறங்க வேண்டும்? முன்னர் இலாபத்தைப் போல் 70 மடங்குக்கும் மேல் கொடுத்த சந்தை, வளர்ச்சியில் நம்பிக்கை குறைந்ததும் அதில் பாதிக்கும் குறைவான மடங்கையே கொடுக்க முன்வந்தது. இலாபமும் குறைந்தது, இலாபத்திற்குக் கிடைக்கும் மடங்கும் குறைந்தது. இவ்விரண்டும் ஒன்றையொன்று பெருக்கிக்கொண்டன. ஏறும்போது இவை இரண்டும் சேர்ந்தே விலையை ஏற்றின; இறங்கும்போதும் சேர்ந்தே இறக்கின.

2018 செப்டம்பரில் 39 பவுண்டுக்கு வாங்கியவர் 2025 ஜனவரியில் போட்டதில் ஐந்தில் நான்கு பங்கை இழந்திருந்தார். 2014 நவம்பரில் 1 பவுண்டு 34 பென்ஸுக்கு வாங்கியவரோ அதே நாளிலும் ஏறத்தாழ ஐந்து மடங்கு வைத்திருந்தார். நிறுவனம் ஒன்றே, பானம் ஒன்றே, அறிக்கை ஒன்றே. இருவருக்கும் இடையிலிருந்த வேறுபாடு அவர்கள் கொடுத்த விலைதான்.

இதில் மோசடி எதுவும் இல்லை என்பதையும் கவனியுங்கள். 2019இல் பெங்களூரில், ஹலால் முதலீடு என்ற பெயரில் பணம் திரட்டிய ஐ.எம்.ஏ. நிறுவனம் முறிந்து, பல்லாயிரம் குடும்பங்கள் தவித்ததை நாம் அறிவோம். அத்தகைய இழப்பைக் கேட்டால் 'ஏமாற்றினார்கள்' என்கிறோம். ஃபீவர் ட்ரீயில் எவரும் ஏமாற்றவில்லை. தணிக்கை செய்யப்பட்ட கணக்குகள் ஆண்டுதோறும் வெளிவந்தன. நேர்மையான நிறுவனத்தின் பங்கிலும் பெரும் பணத்தை இழக்கலாம். மோசடி இல்லை என்று உறுதி செய்துகொள்வது முதற்படி மட்டுமே.

ஹலால் என்னும் கேள்வி

நம் அவையில் இயல்பாக எழும் கேள்விக்கு வருகிறேன். இந்தப் பானத்தில் மது இல்லை. ஆனால் அதன் வணிகத்தில் பெரும்பகுதி மதுவோடு கலந்து பருகுவோரை நம்பியே வளர்ந்தது. 2025 பிப்ரவரி முதல் அமெரிக்காவில் அதன் விற்பனை உரிமையை ஏற்ற மோல்சன் கூர்ஸ், பீர் உற்பத்தி செய்யும் நிறுவனம். ஃபீவர் ட்ரீயின் பங்குகளில் 8.5 விழுக்காட்டையும் அது பெற்றது.

பஹ்ரைனை இடமாகக் கொண்ட 'ஆயோஃபி' என்னும் இஸ்லாமிய நிதிக் கணக்கியல் அமைப்பு, பங்குகளைச் சலித்தெடுக்கச் சில அளவுகளை வகுத்துள்ளது. நிறுவனத்தின் அடிப்படைத் தொழில் ஆகுமானதாக இருக்க வேண்டும். வட்டிக்கு வாங்கிய கடன் சந்தை மதிப்பில் 30 விழுக்காட்டைத் தாண்டலாகாது. ஆகாத வழியில் வரும் வருவாய் 5 விழுக்காட்டைத் தாண்டலாகாது. அந்த வருவாயின் பங்கையும் நாம் கணக்கிட்டுக் கழித்துவிட வேண்டும். எண்களால் மட்டும் சலித்தால் மதுவே விற்காத இத்தகைய நிறுவனம் தேறிவிடக்கூடும். ஆனால் விற்கப்படும் பொருள் எதற்குப் பயன்படுகிறது, தவறான செயலுக்கு அது துணைபோகிறதா என்னும் கேள்வி எண்களுக்குள் அடங்காது. அதில் தீர்ப்புச் சொல்ல நான் தகுதியுடையவன் அல்லன். பங்கின் பெயரை மட்டும் சொல்லாமல், அந்நிறுவனம் எதை, யாருக்கு, எப்படி விற்கிறது என்பதை முழுமையாக எடுத்துரைத்து, ஆலிம் பெருமக்களிடம் விளக்கம் பெறுங்கள்.

நான் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. ஹலால் சான்று, அப்பங்கை வைத்திருக்கலாமா என்ற கேள்விக்கு மட்டுமே விடை. என்ன விலைக்கு வாங்கலாம் என்பதற்கு அது விடையாகாது. ஹலாலான ஆட்டிறைச்சியையும் மும்மடங்கு விலை கொடுத்து வாங்கினால் நட்டம் நட்டமே. சான்று பெற்ற பங்கு என்பதால் பாதுகாப்பான பங்கு என்று நம் சகோதரர்கள் எண்ணிவிடக் கூடாது.

நாம் கடைப்பிடிக்கத்தக்கவை

முதலீட்டைப் பற்றி நமக்குள் பேசுவதை நான் தடுக்கவில்லை. கலந்தாலோசிப்பது நல்ல பண்பு. தனித்து முடிவெடுப்பதைவிட மேலானது. அந்த ஆலோசனை பயன்தர ஐந்து பழக்கங்களை முன்வைக்கிறேன்.

முதலாவது: ஒரு பங்கைப் பற்றிப் பேசுகிறவர், தம்மிடம் அது உள்ளதா, என்ன விலைக்கு வாங்கினார் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சரக்கின் குறையை மறைத்து விற்கலாகாது என்பது நம் வணிக ஒழுக்கம். பங்கை நேரே விற்காவிட்டாலும், நம் சொல்லைக் கேட்டு மற்றவர் வாங்கும்போது அந்த ஒழுக்கம் நம்மையும் கட்டுப்படுத்தும். ஒரு ரூபாய்க்கு வாங்கியவரின் துணிவை முப்பது ரூபாய்க்கு வாங்குபவர் கடன் வாங்கக் கூடாது.

இரண்டாவது: பங்கின் விலையைச் சொல்லாதீர்கள், நிறுவனம் முழுவதின் விலையைச் சொல்லுங்கள். ஆண்டு இலாபத்தைப் போல் அது எத்தனை மடங்கு என்று கணக்கிடுங்கள். நம் கடைத்தெருவில் அப்படி ஒரு கடை வந்தால் அந்த மடங்குக்கு வாங்குவோமா என்று கேளுங்கள்.

மூன்றாவது: ஆண்டறிக்கையில் மூன்று வரிகளையாவது தேடிப் படியுங்கள். விற்பனை எவ்வளவு, நூறு ரூபாய் விற்பனையில் சரக்குச் செலவு போக நிற்பது எவ்வளவு, கையிலுள்ள ரொக்கமும் கடனும் எவ்வளவு. ஃபீவர் ட்ரீயில் விற்பனை வரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர் நிம்மதியாக இருந்திருப்பார். இரண்டாம் வரியைப் பார்த்தவர்தான் ஆண்டுக்கு ஆண்டு அது தேய்ந்துவருவதை அறிந்திருப்பார்.

நான்காவது: ஐயம் எழுப்புகிறவரை அவையிலிருந்து விரட்டாதீர்கள். 'பொறாமைக்காரர்', 'வாய்ப்பைத் தவறவிட்டவர்' என்று ஏளனம் செய்யாதீர்கள். வாங்கும் முன், என்ன நடந்தால் இக்கணிப்புத் தவறாகும் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அது நடக்கும்போது அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். விலை இறங்கிய பின் புதுப்புதுக் காரணங்கள் கண்டுபிடித்துப் பங்கைப் பிடித்துக்கொண்டிருப்பது மனித இயல்பு; அந்த இயல்புக்குக் கடிவாளம் நம் கைப்பட எழுதிய தாள்தான்.

ஐந்தாவது: எந்தப் பணம் என்பதைப் பிரித்தறியுங்கள். மகளின் திருமணத்திற்கு வைத்த பணம், ஹஜ் பயணத்திற்குச் சேர்த்த பணம், வீடு கட்ட ஒதுக்கிய பணம், மருத்துவத்திற்கான பணம் ஆகியவை குறித்த நாளில் தேவைப்படும். சந்தை நம் நாளுக்காகக் காத்திருக்காது. 39 பவுண்டிலிருந்து விழுந்த விலை ஆறு ஆண்டுக்குப் பிறகும் மீளவில்லை என்பதை நினைவில் வையுங்கள். சில ஆண்டுகளில் தேவைப்படும் பணத்தைப் பங்கில் இடாதீர்கள். இடக்கூடிய பணத்தையும் ஒரே நிறுவனத்தில் குவிக்காதீர்கள். கடன் வாங்கிப் பங்கு வாங்குவதை அறவே தவிருங்கள்.

பெருமக்களே, நம் முன்னோர்களில் பலர் வணிகர்கள். சந்தைக்குப் போனால் துணியைத் தடவிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தரம் உறுதியான பிறகே விலை பேசத் தொடங்குவர். தரம் பிடித்தும் விலை படியாமல் வெறுங்கையோடு திரும்பிய நாள்கள் அவர்களுக்கு ஏராளம். அப்படித் திரும்பியதை அவர்கள் இழப்பாகக் கருதியதில்லை. கைமுதல் காப்பாற்றப்பட்டது என்றே கருதினர். பங்குச் சந்தைக்குச் செல்லும் இளைஞர்களும் அதே பொறுமையோடு செல்ல வேண்டும் என்பதே என் வேண்டுகோள். நல்ல நிறுவனத்தைத் தேடுங்கள். மார்க்க நிலையை ஆலிம்களிடம் கேட்டுத் தெளியுங்கள். பிறகு விலையைப் பாருங்கள். மூன்றும் பொருந்தினால் வாங்குங்கள். ஒன்று பொருந்தாவிட்டாலும் தயங்காமல் திரும்பி வாருங்கள்.

வியர்வை சிந்தி ஈட்டிய நம் பொருளில் இறைவன் பரக்கத் செய்வானாக! அதை அறிவோடு பேணும் ஆற்றலையும், ஒருவருக்கொருவர் உண்மையான ஆலோசனை கூறும் உள்ளத்தையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக!